கோவில் வகுப்புக்குப் பத்து கணினி: இன்டெலா, ஏஎம்டியா, பழசா?

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பத்து கணினி வாங்க வேண்டும். நிர்வாகக் குழுவிடம் மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று, பெரிய பிராண்டின் புது இன்டெல் லேப்டாப். இன்னொன்று, ஏறக்குறைய அதே விலையில் ஏஎம்டி லேப்டாப். மூன்றாவது, ஐரோப்பிய அலுவலகங்களில் ஓடிவிட்டு வந்து, சரிபார்த்து மறுபடி விற்கும் ரீஃபர்பிஷ்டு குட்டி டெஸ்க்டாப். அதில் இருக்கும் எல்லா மாடலும் இன்டெல். குழுவில் உள்ள தம்பி ஒருவர், குவால்காம் சிப்பான ஸ்னாப்டிராகன் போட்ட லேப்டாப்பையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். "எதை எடுப்பது நல்லது, எழுதியே கொடுத்துவிடுங்கள் ஐயா" என்றார் செயலாளர். அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். வீட்டுக்கு ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்குப் பழைய இன்டெல் டெஸ்க்டாப் ஒன்பது, ஆசிரியைக்குப் புது ஏஎம்டி லேப்டாப் ஒன்று. பழசு என்றால் இன்டெல், புதுசு என்றால் ஏஎம்டி என்று நான் சாய்வதற்கு சிப்பின் வேகம் மட்டும் காரணமில்லை. கணினியின் மூளையான சிப்பைச் செய்யும் இந்த இரண்டு கம்பெனிகளும், பெட்டி செய்து விற்கும் டெல், ஹெச்பி, லெனோவா போன்றவர்களோடு என்ன பேரம் பேசின என்பதைப் பார்த்தால்தான், நம் தீவுக்கு வரும் பெட்டிகளில் எது மலிவாக வருகிறது, எது அரிதாக வருகிறது என்பது விளங்கும்.

ஸ்டிக்கருக்குப் பின்னால் ஓடிய பணம்

இந்தப் போட்டியே ஒரு பிசி தயாரிப்பாளரின் நிபந்தனையால் பிறந்ததுதான். 1981-இல் ஐபிஎம் தன் முதல் பிசிக்கு இன்டெலின் 8088 சிப்பைத் தேர்ந்தெடுத்தது. ஒரே ஒரு கம்பெனியை நம்பி இருக்க முடியாது, இரண்டாவதாக ஒருவரும் அதே சிப்பைச் செய்து தர வேண்டும் என்று ஐபிஎம் பிடிவாதம் பிடித்தது. அதனால்தான் 1982-இல் இன்டெலும் ஏஎம்டியும் தொழில்நுட்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் போட்டன. 386 சிப் வந்தபோது இன்டெல் கதவைச் சாத்தியது. பிறகு பல வருடம் கோர்ட்டு, வழக்கு. 1995-இல் ஒரு சமரசம். அதற்குள் ஏஎம்டி சொந்தமாகவே சிப் வடிவமைக்கக் கற்றுக்கொண்டிருந்தது.

லேப்டாப்பில் கை வைக்கும் இடத்தில் இருக்கும் இன்டெல் ஸ்டிக்கரும் சும்மா ஒட்டியதல்ல. 1991-இல் 'இன்டெல் இன்சைடு' பிரசாரம் ஆரம்பித்தது. பிசி கம்பெனி தன் விளம்பரத்தில் அந்த முத்திரையைப் போட்டால், விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் ஏற்றுக்கொள்ளும். பிசி விற்பதில் கிடைக்கும் லாபம் மிக மெல்லியது. அப்படிப்பட்ட தொழிலில் இந்தப் பணம் பெரிய பணம். அதில் தப்பொன்றும் இல்லை, எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான்.

விவகாரம் வேறு இடத்தில் இருந்தது. 2003-இல் ஏஎம்டி சர்வருக்கு ஆப்டெரானையும், வீட்டுக் கணினிக்கு அத்லான் 64-ஐயும் கொண்டுவந்தது. பழைய 32-பிட் மென்பொருளையும் ஓட்டும், 64-பிட்டும் ஓட்டும். இன்று நாம் வாங்கும் இன்டெல் கணினியிலும் ஓடுவது அந்த ஏஎம்டி வடிவமைப்பின் வழியில் வந்த 64-பிட் கட்டளைகள்தான். அப்படி ஒரு சரக்கு கையில் இருந்தும், டெல் 2006 வரை ஏஎம்டி சிப் போட்ட ஒரு பெட்டிகூட விற்கவில்லை. ஏன்?

தள்ளுபடிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். நான் சும்மா எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை. ஒரு பிசி கம்பெனி வருடத்துக்கு 100 சிப் வாங்குகிறது, ஒன்று 100 ரூபாய் என்று வையுங்கள். "95-க்குக் குறையாமல் எங்களிடமே வாங்கினால், வாங்கிய ஒவ்வொரு சிப்புக்கும் 10 ரூபாய் கழிவு" என்கிறார் பெரியவர். நூறையும் அவரிடம் வாங்கினால் செலவு 9,000. இப்போது 20 சிப்பை மட்டும் சின்னவரிடம் வாங்க ஆசைப்பட்டால், மீதி 80-க்கும் கழிவு போய்விடும். அதற்கே 8,000 ஆகிவிடும். பழைய செலவிலேயே நிற்க வேண்டுமென்றால் அந்த 20 சிப்புக்கு மிச்சம் 1,000 ரூபாய்தான். அதாவது சின்னவர் ஒவ்வொன்றையும் 50 ரூபாய்க்குத் தர வேண்டும். பெரியவர் கொடுத்தது பத்து சதவீதக் கழிவு, சின்னவர் கொடுக்க வேண்டியதோ பாதி விலை. சிப் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே இடமில்லை.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. ஐரோப்பிய ஆணையம் 2009 மே மாதம் வெளியிட்ட முடிவில் ஒரு சம்பவம் வருகிறது. ஏஎம்டி ஒரு பிசி தயாரிப்பாளருக்கு 10 லட்சம் சிப்பை இலவசமாகவே தர முன்வந்தது. அந்தக் கம்பெனி எடுத்துக்கொண்டது 1.6 லட்சம் மட்டும். முழுவதையும் எடுத்தால், மற்ற லட்சக்கணக்கான சிப்புகளுக்கு இன்டெல் தரும் கழிவு போய்விடும் என்ற பயம். இலவசமாகக் கொடுத்தும் விலைபோகாத சரக்கு என்று சொன்னால் யாரும் தரத்தைத்தான் சந்தேகிப்பார்கள். இங்கே தரம் குற்றவாளியே இல்லை.

டெல் கணக்கு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2010-இல் போட்ட வழக்கின்படி, இன்டெலிடமிருந்து டெல்லுக்கு வந்த பணம் 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் சுமார் 10 சதவீதம். 2006-இல் 38 சதவீதம். 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 சதவீதம். லாபத்தில் முக்கால்வாசி சிப் கம்பெனி கொடுக்கும் காசு! அதை முதலீட்டாளர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்ற முறையில் டெல் 10 கோடி டாலர் அபராதம் கட்டி முடித்துக்கொண்டது.

மொரீஷியஸில் இருக்கிற நாம் கவனிக்க வேண்டிய பகுதி ஹெச்பி சம்பந்தப்பட்டது. அதே ஐரோப்பிய முடிவில், இன்டெல் ஹெச்பிக்குப் பணம் கொடுத்துச் சில கட்டுப்பாடுகளைப் போட்டதாக ஆணையம் கண்டது. ஏஎம்டி சிப் போட்ட அலுவலக டெஸ்க்டாப்பை சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும். அதையும் நேரடியாக விற்க வேண்டும், விநியோகஸ்தர் வழியாகக் கூடாது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கப் பகுதியில் அதன் வெளியீட்டை ஆறு மாதம் தள்ளிப்போட வேண்டும். கணினிக் கம்பெனிகள் போடும் வரைபடத்தில் நாம் அந்தப் பகுதியில்தான் வருகிறோம். 12 லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள தீவுக்கு எந்தக் கம்பெனியும் நேரடியாக வந்து விற்காது. நமக்கு எல்லாமே விநியோகஸ்தர் வழிதான். அந்த வழியை அடைத்தால் நமக்கு அந்தப் பொருள் இல்லை என்றே அர்த்தம். அந்தக் காலத்தில் இங்கே அலுவலகங்களுக்குக் கணினி வாங்கியவர்கள், "ஏஎம்டியா, அது கிடைக்காதே" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கிடைக்காததற்கு ஒரு காரணம் இருந்திருக்கிறது பாருங்கள்.

ஜப்பானின் போட்டி ஆணையம் 2005-இலேயே இன்டெலுக்கு எதிராக முடிவெடுத்திருந்தது. கொரியா 2008-இல் 2,600 கோடி வொன் அபராதம் போட்டது. ஐரோப்பா விதித்தது 106 கோடி யூரோ. 2009 நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்து இருவருக்கும் இடையிலான வழக்குகளை முடித்தது. நம் நாட்டுப் போட்டி ஆணையம் வேலையைத் தொடங்கியதும் அதே 2009-இல்தான். ஆனால் இந்த விவகாரம் நம் கைக்கு எட்டுவதற்கு முன்பே முடிந்துபோனது.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தப்பே செய்யவில்லை என்றுதான் இன்டெல் கடைசிவரை வாதாடியது. ஐரோப்பிய நீதிமன்றம் 2022 ஜனவரியில் அந்த 106 கோடி யூரோ அபராதத்தை ரத்து செய்தது; கழிவுகளால் போட்டி கெட்டது என்பதை ஆணையம் சரியாக நிரூபிக்கவில்லை என்றது. ஆணையத்தின் மேல்முறையீடு 2024 அக்டோபரில் தள்ளுபடி ஆனது. ஹெச்பி, ஏசர், லெனோவா ஆகியோருக்குப் பணம் கொடுத்து வெளியீட்டைத் தாமதப்படுத்திய பகுதி மட்டும் நின்றது. அதற்கு 2023-இல் 37.6 கோடி யூரோ என்று புதிதாக அபராதம் போட்டார்கள். ஆக, கழிவுக் கதை சட்டப்படி முழுதாக ஜெயிக்கவில்லை. ஆனால் வாங்குகிற நமக்கு அது நடந்ததா என்பதுதான் முக்கியம், சட்டவிரோதமா என்பதல்ல.

பழசு ஏன் எல்லாமே இன்டெல்

இப்போது மூன்றாவது கொட்டேஷனுக்கு வருவோம். ரீஃபர்பிஷ்டு சந்தையில் வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் ஐரோப்பாவில் வங்கிகளும் கம்பெனிகளும் நூறு இருநூறாகக் குத்தகைக்கு எடுத்து, சில வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தவை. அந்தக் கம்பெனிகளின் கொள்முதல் பிரிவுக்கு இன்டெல் பழகிப்போனது மேலே சொன்ன பேரங்களின் காலத்தில். பழி முழுவதையும் பேரத்தின் மேல் போடவும் முடியாது. 2011-இல் ஏஎம்டி கொண்டுவந்த புல்டோசர் சிப் எடுபடவில்லை. 2017-இல் ரைசன் வரும்வரை அலுவலகத்துக்கு வாங்கத் தகுந்த சரக்கு ஏஎம்டியிடம் பெரிதாக இல்லை. டெல் தன் வணிக வரிசையில் ஏஎம்டியைப் பரவலாகச் சேர்ப்பதாக அறிவித்ததே 2025 ஜனவரியில்தான்.

அதனால் இன்று பழைய சந்தையில் இன்டெல் டெஸ்க்டாப் மலைபோல் கிடக்கிறது. நிறையக் கிடைத்தால் விலை இறங்கும், உதிரிபாகம் கிடைக்கும், ஒரே மாதிரி பத்துப் பெட்டி கேட்டால் கொடுக்க ஆள் இருக்கும். வகுப்பறைக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிது. பத்தும் ஒரே மாடலாக இருந்தால் ஒன்றின் பவர் அடாப்டரைக் கழற்றி மற்றதில் போடலாம். செத்துப்போன ஒன்றிலிருந்து ரேமை எடுத்து இன்னொன்றைக் காப்பாற்றலாம். அன்று யாரோ கழிவுக்காகக் கட்டுப்பட்டு வாங்கிப் பழகிய பழக்கம், இன்று நமக்கு மலிவாக வந்து சேர்கிறது. இதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. பழசு வாங்கும்போது நாம் கொடுக்கும் பணம் இன்டெலுக்கும் போவதில்லை, ஏஎம்டிக்கும் போவதில்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை சிப்பாவது வேண்டும், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பாகம். இதனால் ஐரோப்பாவில் 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகளை மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள், அவற்றில் கொஞ்சம் இங்கேயும் வந்து இறங்குகிறது. நம் குழுவுக்கு வந்த கொட்டேஷனில் 'கோர் ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஐ5? கேட்டதற்கு வந்த பதில் ஐ5-6500டி. அது 2015-இன் சிப். எண்ணில் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை, ஐந்து இலக்க எண் என்றால் முதல் இரண்டு இலக்கம்: 6500 என்றால் ஆறு, 8500 என்றால் எட்டு, 10500 என்றால் பத்து. ஐ5 என்ற பெயரைப் பார்த்து ஏமாறாமல் இந்த எண்ணைக் கேளுங்கள். ஐ7-6700-ஐ விட ஐ3-8100 நமக்கு மேல். வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. விண்டோஸ் 11 ஐ3-8100-ஐ ஏற்கும், ஐ7-6700-ஐ ஏற்காது, அவ்வளவுதான்.

கடைக்காரர் திருத்திக் கொடுத்த கொட்டேஷனில் இருப்பது ஐ5-8500டி. ஆறு கோர், 35 வாட். கடைசியில் இருக்கும் 'டி' குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை என்பதற்கான அடையாளம். ஒரு தடிமனான புத்தகம் அளவுதான் பெட்டி, மானிட்டர் பின்னாலேயே மாட்டிவிடலாம். விண்டோஸ் ப்ரோ உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும், தனியாக வாங்க வேண்டாம்.

பழைய ஏஎம்டி பெட்டியும் இடையிடையே கண்ணில் படும். 2018-இன் கடைசியில் இன்டெலால் கேட்ட அளவுக்குச் சிப் தர முடியாமல் தட்டுப்பாடு வந்தது. அப்போதுதான் பல பிசி கம்பெனிகள் ஏஎம்டிக்குக் கதவை அகலமாகத் திறந்தன. அந்தக் காலத்துப் பெட்டிகள் நல்லவையே. இரண்டு பொறி மட்டும் உண்டு. ஹெச்பி எலைட்டெஸ்க் 705 ஜி4 மினியில் வரும் ரைசன் 5 2400ஜிஇ பெயரளவில் 2000 வரிசை. ரைசன் 2000 வரிசையை விண்டோஸ் 11 ஏற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 2400ஜிஇ உள்ளுக்குள் முதல் தலைமுறை ரைசன், மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அது இல்லை. இரண்டாவது, லெனோவாவின் சில ஏஎம்டி திங்க்சென்டர் பெட்டிகளில் சிப்பை லெனோவா போர்டோடு பூட்டிவிடுகிறார்கள். பாதுகாப்புக்காக என்கிறார்கள். அந்தச் சிப்பைக் கழற்றி வேறு கம்பெனி போர்டில் போட்டால் ஓடாது. அப்படியே முழுப் பெட்டியாக வைத்து ஓட்டினால் தொல்லை இல்லை. உதிரி சிப்பாக யாராவது விற்றால் மட்டும் வாங்காதீர்கள். சிப் கம்பெனியும் பெட்டிக் கம்பெனியும் கைகோப்பது கழிவுப் பணத்தில் மட்டும் நடப்பதில்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

புதுசு வாங்குவதாக இருந்தால்

புது லேப்டாப்பில் நான் ஏஎம்டி பக்கம் நிற்கிறேன். 2014-இல் லிசா சு தலைமைக்கு வந்த பிறகு கம்பெனி 'ஜென்' என்ற புது சிப் வடிவமைப்பில் எல்லாவற்றையும் பந்தயம் வைத்தது. 2019-இல் இருந்து முக்கியமான சிப்புகளைத் தைவானின் டிஎஸ்எம்சியிடம் 7 நானோமீட்டரில் செய்து வாங்கியது; இந்த எண் சின்னதாக ஆக, தொழில்நுட்பம் புதுசு. இன்டெல் அப்போது 10 நானோமீட்டரில் திணறிக்கொண்டிருந்தது. இன்று நிலைமை அவ்வளவு ஒருதலைப்பட்சம் இல்லை, இரண்டும் நல்ல சிப் செய்கின்றன. ஆனால் நடுத்தர விலையில், அதே பணத்துக்குக் கொஞ்சம் நல்ல உள்ளடங்கிய கிராஃபிக்ஸும் பேட்டரியும் ஏஎம்டி மாடல்களில் கிடைப்பதாகவே என் அனுபவம் சொல்கிறது. பிராண்டுக்காக இன்டெலுக்குக் கூடுதல் கொடுக்கத் தேவையில்லை.

அதற்காக ஏஎம்டி எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பெயர் வைப்பதில் ஏஎம்டி செய்த குளறுபடிக்கு ஈடில்லை. நம் இரண்டாவது கொட்டேஷனில் இருந்தது ரைசன் 5 7520யு. 7-இல் ஆரம்பிக்கிறதே, புத்தம் புதுசு என்று யாரும் நினைப்பார்கள். இந்த வரிசையில் முதல் இலக்கம் வெளிவந்த வருடத்துக்கு, வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் மூன்றாவது 2, அதாவது ஜென் 2, 2019-இன் வடிவமைப்பு. 7530யு என்றால் ஜென் 3; 7540யு என்றால் ஜென் 4. மூன்றுக்கும் பெட்டியில் ஒரே 'ரைசன் 5' ஸ்டிக்கர்தான். போதாததற்கு 7520யு லேப்டாப்பில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். 8 ஜிபி வாங்கினால் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். ஆசிரியைக்கு நான் கேட்டு வாங்கச் சொன்னது 7530யு, அதுவும் ரேம் ஸ்லாட் உள்ள மாடல்.

ரேம் ஸ்லாட் என்றதும் இன்னொன்று. கொட்டேஷனில் '16 ஜிபி' என்று போட்டிருந்தால், அது ஒரே குச்சியா, 8-ம் 8-ம் ஆக இரண்டா என்று கேளுங்கள். ஏஎம்டியின் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் ரேமையே தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு குச்சி இருந்தால்தான் அதற்கு மூச்சு விட இடம். ஒரே குச்சியில் வாங்கிவிட்டு, ஏஎம்டி சொன்ன அளவுக்கு இல்லையே என்று குறைபடுபவர்கள் நிறையப் பேர்.

இன்டெலும் பெயரில் சளைத்ததல்ல. 2023-இல் பென்டியம், செலரான் பெயர்களை லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டு வெறும் 'இன்டெல் பிராசஸர்' என்று வைத்தார்கள். என்100 அந்த ரகம். மலிவான புது மினி பிசிகளில் இப்போது எங்கு பார்த்தாலும் இதுதான். 6 வாட், மின்சாரம் மிச்சம், தட்டச்சுக்கும் இணையத்துக்கும் போதும். ஆனால் நான்கு சிறு கோர், ரேமுக்கு ஒரே வழி. பழைய ஐ5-8500டி இதைவிடத் தாராளமாக வேலை செய்யும். 'கோர் 5 120யு' என்று 'அல்ட்ரா' இல்லாமல் வருவதும் முந்தைய தலைமுறைச் சரக்குக்குப் புதுப் பெயர்தான். கெட்டதில்லை, புதுசு என்று சொல்லி விலை ஏற்றினால் பேரம் பேசுங்கள்.

தனியாகப் பாகம் வாங்கி டெஸ்க்டாப் கட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் மின்னழுத்தக் கோளாறால் நிலைகுலையும் பிரச்சினை 2024-இல் வெளிவந்தது. இன்டெல் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டித்தது. அந்தத் தலைமுறையில் சக்திவாய்ந்த சிப்பைப் பழசாக வாங்காதீர்கள். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (சிப் பொருந்தும் இடம்) உள்ள போர்டோ 2017 ரைசனிலிருந்து பல தலைமுறைச் சிப்பைத் தாங்கியது. இன்டெல் அதே காலத்தில் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருந்தது.

ஸ்னாப்டிராகன் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 2024 ஜூனில் மைக்ரோசாஃப்டின் 'கோபைலட் பிளஸ் பிசி' என்ற ஏஐ கணினி ரகம் விற்பனைக்கு வந்தபோது, முதலில் வந்ததெல்லாம் குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் மட்டுமே. இன்டெலும் ஏஎம்டியும் பின்னால்தான் சேர்ந்தன. இதுவும் ஒரு பேரத்தின் பலன்தான், இந்தத் தடவை பேரம் விண்டோஸ் பக்கத்திலிருந்து. பேட்டரி அருமை. ஆனால் அது ஆர்ம் வகைச் சிப், இன்டெல், ஏஎம்டி சிப்புகளின் கட்டளைகள் அதற்கு நேராகப் புரியாது. பழைய விண்டோஸ் நிரல்கள் மொழிபெயர்ப்பாக ஓடும், பழைய பிரிண்டரின் டிரைவர் ஓடாது. கோவில் அலுவலகத்தில் இருக்கும் பிரிண்டருக்கு எனக்குத் தெரிந்து யாரும் ஆர்ம் டிரைவர் எழுதப்போவதில்லை. வேண்டாம்.

நம் ஊருக்கே உரிய தொல்லைகள்

பழைய கணினி பிரான்ஸிலிருந்து வந்தால் கீபோர்டின் எழுத்து வரிசை அசெர்ட்டி, பிரிட்டனிலிருந்து வந்தால் க்வெர்ட்டி. டெஸ்க்டாப் என்றால் கீபோர்டை மாற்றிவிடலாம், லேப்டாப்பில் அது பெரிய வேலை. பிள்ளைகள் பிரெஞ்சு வகுப்பில் அசெர்ட்டிக்குப் பழகியிருப்பார்கள், அதனால் பரவாயில்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார். தமிழுக்குப் பரவாயில்லை என்று விட முடியாது. விண்டோஸில் உள்ள அஞ்சல் விசைப்பலகை ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழ் வரும் முறை. அது அமெரிக்கக் கீபோர்டின் இடத்தை வைத்து இயங்குகிறது. அசெர்ட்டியில் 'ஏ' என்று அச்சிட்ட விசை இருப்பது 'க்யூ'வின் இடத்தில். 'அ' வரும் என்று தட்டும் குழந்தைக்கு வேறு எதுவோ வரும். தமிழ் எழுத்துக்கே தனி விசை உள்ள தமிழ் 99 அமைப்புக்கு இந்தச் சிக்கல் குறைவு, எழுத்தின் இடத்தை மனப்பாடம் செய்துதான் பழக வேண்டும். எதுவானாலும் ஒன்பது பெட்டிக்கும் ஒரே மாதிரி க்வெர்ட்டி கீபோர்டு வாங்கி, தமிழ் 99 எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது நல்லது.

அப்புறம் மின்சாரம். புயல் காலத்தில் கரண்ட் போய்வரும்போது வரும் அதிர்ச்சிதான் பல கணினிகளைக் கொல்கிறது. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் கார்களைத் தூக்கிக்கொண்டு போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி உண்டு என்பது இந்த ஒரு விஷயத்தில் பெரிய பலம், மறுக்கவில்லை. ஆனால் 35 வாட் சிப் உள்ள குட்டிப் பெட்டி என்றால், ஒரு சாதாரண யுபிஎஸ்ஸே இரண்டு மூன்று பெட்டிகளைத் தாங்கும். பாடத்தைச் சேமித்து மூடுகிற அளவுக்கு நேரம் கிடைத்தால் போதும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று, க்யூர்பிப் பக்கம் ஈரம். இரண்டும் யுஎஸ்பி துளைகளையும் ஃபேனையும் தின்னும். சனிக்கிழமை மட்டும் ஓடும் வகுப்பு என்றால் வாரத்தில் இன்னொரு நாளும் சும்மாவாவது கொஞ்ச நேரம் ஓட விடுங்கள்.

உத்தரவாதத்தில் புதுசு ஜெயிக்கும் என்று நினைப்போம். கொட்டேஷனைப் படித்தால் அப்படி முழுதாகச் சொல்ல முடியவில்லை. வெளிநாட்டுப் பதிப்பு லேப்டாப் என்றால், அந்த பிராண்டின் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். ரீஃபர்பிஷ்டு விற்பவர் தருவது கடையின் சொந்த உத்தரவாதம். கடை நாளைக்கும் இருக்குமா என்பதுதான் அதில் கேள்வி. போன வருடம் ஓர் இளைஞர் மன்றம் வாங்கிய கணினிகளில் இரண்டு மூன்று கெட்டுப்போய், கடைக்காரர் தொலைபேசியையே எடுக்கவில்லை. அதனால்தான் ஒன்பது தேவைப்படும் இடத்தில் பத்தாக வாங்கி ஒன்றை அலமாரியில் உதிரியாக வையுங்கள் என்கிறேன். பழசின் விலையில் அது கட்டுபடியாகும்; புது லேப்டாப்பில் உதிரி வாங்கி வைக்க எந்தக் குழுவும் சம்மதிக்காது.

லினக்ஸ் போட்டால் 6-ஆம் தலைமுறைப் பெட்டியே போதுமே, இன்னும் மலிவாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. லிப்ரே ஆஃபிஸ் ஓடும், தமிழ் 99 தட்டச்சும் கிடைக்கும், பாதுகாப்புத் திருத்தங்களும் வரும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் குழுவில் நிரந்தரமாக இருந்தால் தாராளமாக அதையே செய்யலாம். எங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லை, ஆசிரியைக்கும் விண்டோஸ்தான் பழக்கம். அதனால் 8-ஆம் தலைமுறைக்குக் கூடக் கொடுக்கச் சொன்னேன்.

செயலாளரிடம் கொடுத்த கொள்முதல் குறிப்பில் எழுதியது இதுதான். ஐ5-8500டி அல்லது அதற்குப் பிந்தைய சிப் உள்ள, ஒரே மாடல் குட்டி டெஸ்க்டாப் பத்து. ஒன்பது அறைக்கு, ஒன்று உதிரிக்கு. ஒவ்வொன்றிலும் 16 ஜிபி ரேம், புது எஸ்எஸ்டி; பழைய எஸ்எஸ்டி வேண்டாம். விண்டோஸ் 11 போட்டு, அசல் உரிமம் என்று காட்டி, தமிழ் 99-இல் ஒரு பத்தி தட்டிக் காட்டிய பிறகே மீதிப் பணம். பிரிட்டன் பிளக் உள்ள அடாப்டர். 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி உள்ளடங்கிய விலை. ஆசிரியைக்கு ரைசன் 5 7530யு, 16 ஜிபி, க்வெர்ட்டி லேப்டாப் ஒன்று. முதல் கொட்டேஷனோடு ஒப்பிட்டால் மிஞ்சும் பணத்தில் மூன்று யுபிஎஸ்ஸும், அறைக்கு ஒரு புரொஜெக்டரும் வாங்கலாம். ஐ7 கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்தப் பணத்தை சிப்பில் போடாமல் புரொஜெக்டரில் போடுங்கள்.